கண்ணு காஞ்ச கதை: பன்னீர், நந்தியாவட்டை, அப்புறம் எங்க அப்பாயி

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் ஆளைக் காணோமேன்னு யாரும் தேடியிருக்க மாட்டீங்க, தெரியும் :) இருந்தாலும் காரணத்தைச் சொல்லிடறேன். கண்ணு ஸ்ட்ரைக் பண்ணிடுச்சு.

பொட்டி தட்டுற மக்களுக்கு இது புதுசில்ல. மத்தியானம் மூணு மணிக்கு மேல கண்ணுக்குள்ள யாரோ ஆத்து மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். என் சீட்டுக்கு நேர் மேலதான் ஏசி காத்து இறங்கும். ரிலீஸ் நேரம் வேற. பக்கத்து சீட்டு நண்பன் ஒருத்தன், "மச்சி, பன்னீர் ரெண்டு சொட்டு விடு, ஜில்லுனு இருக்கும்"னான். கடையில வாங்கின பன்னீர், கல்யாண வீட்டுல தெளிக்கிறது. விட்டேன். மறுநாள் காலையில கண்ணாடியில பார்த்தா ரெண்டு கண்ணும் செம்பருத்திப் பூ.

கண் டாக்டர் திட்டினதை இங்க எழுத முடியாது. திட்டி முடிச்சுட்டு, கீழ் இமைக்குள்ள ஒரு காகிதத் துண்டைச் செருகி அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக்கச் சொன்னாரு. அப்புறம் இமை ஓரத்தை லேசா அழுத்திப் பார்த்தாரு. "கண்ணீர் ஓரளவு இருக்கு தம்பி. அது மேல மிதக்க வேண்டிய எண்ணெய்தான் பற்பசை மாதிரி கெட்டியாகி அடைச்சுக் கிடக்கு. அதான் இருக்கிற ஈரமும் ஆவியாகிப் போயிடுது"ன்னாரு.

அன்னிக்கு ராத்திரி ஊருக்கு போன் போட்டேன். எங்க அப்பாயிக்கு முசிறிப் பக்கம் ஒரு கிராமம். வயசு எண்பத்தஞ்சு இருக்கும். தலைவலிக்கு ஒண்ணு, வயித்துவலிக்கு ஒண்ணுன்னு எல்லாத்துக்கும் கைவைத்தியம் வச்சிருக்கும். கண்ணுக்கும் வச்சிருந்துச்சு.

"நந்தியாவட்டைப் பூவைப் பறிச்சு, படுக்கும்போது மூடின கண்ணு மேல வச்சுக்க சாமி. பொன்னாங்கண்ணி தின்னு. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை."

"பூவுச் சாறை உள்ள விடலாமா அப்பாயி? இணையத்துல போட்டிருக்காங்களே?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "உள்ள மட்டும் எதையும் விட்றாத சாமி. என் கண்ணுல்ல."

எல்லாத்துக்கும் மூலிகை சொல்ற அப்பாயி இதுக்கு மட்டும் ஏன் இப்படி பயப்படுது? நோண்டி நோண்டிக் கேட்டதுல ஒரு கதை வந்துச்சு. இந்தப் பதிவே அதனாலதான்.

கொசுவத்தி சுத்திக்கோங்க

அப்பாயிக்கு ஒரு தம்பி. நாங்க 'கட்டில் தாத்தா'ன்னு கூப்பிடுவோம். எப்பவும் திண்ணையோரம் கயித்துக் கட்டில்லதான் இருப்பாரு. ரெண்டு கண்ணும் தெரியாது. காலடிச் சத்தத்தை வச்சே வர்றது யாருன்னு சொல்லிடுவாரு. நான் ரெண்டாவது படிக்கும்போது இறந்துட்டாரு. பொறவிக் குருடுன்னுதான் நான் இத்தனை வருஷமா நினைச்சிருந்தேன்.

இல்லையாம். மூணு வயசு வரைக்கும் நல்லா ஓடி ஆடின புள்ளை. 1950 வாக்குல மணல்வாரி அம்மை வந்திருக்கு. அம்மை இறங்குற நேரத்துல கண்ணுல பளபளப்பு போயிடுச்சு. "மீனு செதில் மாதிரி காஞ்சு போச்சு சாமி. அழுதா கண்ணுல தண்ணி வரல." வீட்டுப் பெரியவங்க நந்தியாவட்டைச் சாறும், பக்கத்து வீட்டுல பிள்ளை பெத்தவளோட தாய்ப்பாலும் கலந்து விடச் சொல்லியிருக்காங்க. பூப்பறிச்சு, கசக்கி, துணியில பிழிஞ்சு விட்டது அப்போ ஒம்பது வயசுல இருந்த எங்க அப்பாயி. பத்து நாள்ல கருவிழி வெள்ளையாகி, கரைஞ்சு, ரெண்டு கண்ணும் போயிடுச்சு.

"என் கையாலதான் போச்சு"ன்னுச்சு. எழுபது வருஷத்துக்கு மேல இதை வெளிய சொல்லாம வச்சிருந்திருக்கு.

எனக்கு அன்னிக்குத் தூக்கம் வரல. கண்ணு எரிச்சல் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். என்னதான் நடந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினதுல கிடைச்ச சரித்திரம்தான் கீழ. கொஞ்சம் நீளம். நடுநடுவுல கண்ணைச் சிமிட்டிக்கோங்க :)

ஏடுகள்ல இருந்து ஆரம்பிப்போம்

காஞ்ச கண்ணு ஒண்ணும் கம்ப்யூட்டர் கண்டுபிடிச்ச வியாதி இல்லை. சுஸ்ருத சம்ஹிதை 76 கண் நோய்களை எண்ணிச் சொல்லுது. அதுல ஒண்ணு 'சுஷ்காக்ஷிபாகம்'. இமை தடிச்சு சொரசொரப்பாகும், கண்ணைத் திறக்கவே சிரமமா இருக்கும், பார்வை மங்கும். நம்ம வறண்ட கண்ணுக்கு ரொம்பக் கிட்டத்துல வருது. அதுக்குச் சொன்ன வைத்தியம்: நெய் குடிக்கிறது, கண்ணைச் சுத்தி பாத்தி கட்டி நெய்யை நிரப்புறது, இந்துப்பு கலந்த குளிர்ந்த பாலை ஊத்துறது. நம்ம சித்த மருத்துவத்துல கண் நோய் 96ன்னு கணக்கு. கண்ணுக்குன்னே 'நயனவிதி' நூல்கள் இருக்கு.

எகிப்துல கி.மு. 1550 வாக்குல எழுதின ஈபர்ஸ் பாப்பிரஸ்ல கண்ணுக்கான மருந்துப் பட்டியல் பெருசா இருக்கு. மாட்டு ஈரல் அதுல ஒண்ணு. கிரேக்கத்து ஹிப்போகிரட்டிஸ் பேர்ல வர்ற நூல்கள்லயும் மாலைக்கண்ணுக்கு ஈரல்தான், தேன் தொட்டு. நம்ம ஊர்லயும் மாலைக்கண்ணுன்னா ஆட்டு ஈரல் வாங்கிக் குடுப்பாங்க. மூணு ஊரும் ஒரே பொருள்ல வந்து நிக்குது. இந்த ஈரலை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

காகிதத் துண்டும் பத்தொன்பது பெண்களும்

டாக்டர் என் கண்ணுல செருகின காகிதத்துக்கு வயசு நூறுக்கு மேல. 1903ல ஜெர்மன் கண் மருத்துவர் ஓட்டோ ஷிர்மர் கொண்டு வந்த சோதனை. 5 மில்லிமீட்டர் அகலம், 35 மில்லிமீட்டர் நீளம். அஞ்சு நிமிஷத்துல எத்தனை மில்லிமீட்டர் நனையுதுன்னு பார்க்கணும். பத்துக்கு மேல போனா பரவாயில்லை, அஞ்சுக்குக் கீழன்னா கண்ணீர் ரொம்பக் கம்மி. இன்னிக்கும் இதுதான்.

அடுத்தது ஸ்வீடன்காரர் ஹென்ரிக் ஷோக்ரன். கண்ணு காஞ்சு, பலருக்கு மூட்டுவலியும் இருந்த 19 பெண்களைப் பத்தி 1933ல தன் ஆய்வேட்டை எழுதினார். அதுக்குக் கிடைச்ச மதிப்பெண் போதலைன்னு டோசன்ட் பட்டத்துக்கு வழியில்லாம போச்சு. அவரும் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில கண் மருத்துவரா வேலை பார்க்கப் போயிட்டார். 1943ல ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் புரூஸ் ஹாமில்டன் அதை ஆங்கிலத்துல மொழிபெயர்த்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்துச்சு. இன்னிக்கு அந்த நோய்க்கு அவர் பேர்தான். அப்ரைசல்ல ரேட்டிங் கம்மியா வாங்கின மக்கள் மனசைத் தேத்திக்கலாம் :)

ஆனா மூணு வயசுப் புள்ளைக்கு பத்து நாள்ல கண்ணு கரைஞ்சதுக்கு ஷோக்ரன்கிட்ட பதில் இல்லை. பதில் வேற இடத்துல இருந்துச்சு.

வெண்ணெய் போன கப்பல்

1863ல பிரான்ஸ்ல பியேர் பீட்டோ ஒண்ணைக் கவனிச்சார். மாலைக்கண் இருந்த ஏழைக் குழந்தைகளோட கண் வெள்ளையில, சோப்பு நுரை காஞ்ச மாதிரி ஒரு திட்டு. இன்னைக்கும் அதுக்கு 'பீட்டோ திட்டு'ன்னுதான் பேர்.

1904ல ஜப்பான்ல மோரிங்கற மருத்துவர், கண்ணு காஞ்சு போன 1,400க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பத்தி எழுதினார். மீனவ கிராமங்கள்ல இந்த நோயே இல்லைங்கறதையும் கவனிச்சார். சாப்பாட்டுல கொழுப்பு போதலைன்னு நினைச்சு கோழி ஈரலும் மீனெண்ணெயும் குடுத்தார். குணமாச்சு. காரணம் முழுசாச் சரியில்லை, மருந்து சரி!

அப்புறம் டென்மார்க். முதல் உலகப் போர் நேரம். வெண்ணெய்க்கு வெளிநாட்டுல நல்ல விலை, கப்பல் கப்பலா ஏத்துமதி. உள்ளூர் ஏழைக் குழந்தைகளுக்கு ஆடை எடுத்த பாலும் மார்ஜரினும். குழந்தைகளுக்கு வரிசையா கண்ணு காய ஆரம்பிச்சது. கார்ல் ப்ளாக் என்ற குழந்தை மருத்துவர் இதைத் துரத்திப் பிடிச்சார். முழுப்பாலும் மீனெண்ணெயும் குடுத்தா கண்ணு திரும்புது, கருவிழி கரையறதுக்கு முன்னாடி குடுத்துட்டா. 1917 கடைசியில நீர்மூழ்கிக் கப்பல் முற்றுகையால ஏத்துமதி நின்னு, வெண்ணெய் ரேஷன்ல உள்ளூர் மக்களுக்கே கிடைச்சப்போ அந்த நோய் மளமளன்னு குறைஞ்சு போச்சு.

இதுக்கு நடுவுல 1913ல அமெரிக்காவுல மெக்காலம், மார்கரீட் டேவிஸ் ரெண்டு பேரும், வெண்ணெய்லயும் முட்டை மஞ்சக்கருவுலயும் எலியை வளர வைக்கிற ஏதோ ஒண்ணு இருக்குன்னு கண்டுபிடிச்சிருந்தாங்க. அதுதான் பின்னால வைட்டமின் ஏ ஆச்சு. ஈரல்ல அது மூட்டை மூட்டையா இருக்கு. எகிப்துக்காரன், கிரேக்கன், நம்ம ஊர்க் கிழவி மூணு பேரும் ஜெயிச்சது இப்படித்தான்.

வைட்டமின் ஏ இல்லைன்னா முதல்ல இருட்டுல கண்ணு தெரியாது. அடுத்து, கண்ணீரை ஒட்ட வைக்கிற வழவழப்பைச் சுரக்கற செல்கள் அழியும், கண்ணோட மேல்பரப்பு தோல் மாதிரி காயும். கடைசியா கருவிழி இளகிக் கரையும். ஏற்கெனவே சத்து குறைஞ்ச குழந்தைக்குத் தட்டம்மை வந்தா, மிச்சம் மீதி இருக்கிற வைட்டமினையும் அது உறிஞ்சிடும். அதனாலதான் இன்னிக்கு தட்டம்மை வந்த குழந்தைக்கு, ஒரு வயசுக்கு மேலன்னா, அடுத்தடுத்து ரெண்டு நாள் 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ குடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

மணல்வாரின்னா தட்டம்மைதான். இதைப் படிச்ச உடனே எந்திரிச்சு உட்கார்ந்துட்டேன்.

எழும்பூர் வரைக்கும் வந்துச்சு

சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819ல ஆரம்பிச்சது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு (1805) அடுத்தபடியா, உலகத்துலயே ரொம்பப் பழைய கண் ஆஸ்பத்திரிகள்ல ஒண்ணு. 1920கள்ல அங்க இருந்த ஆர்.ஈ. ரைட், தென்னிந்தியாவுல கருவிழி கரைஞ்சு வர்ற குழந்தைகளைப் பத்தி மருத்துவ இதழ்ல எழுதியிருக்கார். மீனெண்ணெய்தான் மருந்துங்கறதும் அந்தக் காலத்துலயே மருத்துவ உலகத்துக்குத் தெரியும். நம்ம குன்னூர்லயே 1918ல மக்காரிசன் ஆரம்பிச்ச சத்துணவு ஆய்வுக்கூடம் இருந்துச்சு. (அதுதான் பின்னால ஐதராபாத் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆச்சு.)

அப்போ 1950ல? விஷயம் எழும்பூர்ல இருந்துச்சு, குன்னூர்ல இருந்துச்சு. முசிறிக்கு வரல. அவ்வளவுதான்.

1970லதான் மத்திய அரசு, சின்னக் குழந்தைகளுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வைட்டமின் ஏ திரவம் குடுக்கிற திட்டத்தைக் கொண்டு வந்துச்சு. அங்கன்வாடியில ஸ்பூன்ல மஞ்சளா ஒண்ணு குடுப்பாங்களே, அதேதான். தட்டம்மைத் தடுப்பூசி 1985ல இருந்து தேசிய அளவுல. அப்புறம் நான் படிச்சு அசந்து போன ஒண்ணு: மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவங்க திருச்சி மாவட்டத்துல 15,419 சின்னக் குழந்தைகளை ஒரு வருஷம் கவனிச்சாங்க. பாதிப் பேருக்கு வாரம் ஒரு தடவை கொஞ்சூண்டு வைட்டமின் ஏ. 1990ல முடிவு வெளிவந்துச்சு. கண்ணை விடுங்க, சாவே 54 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. எங்க மாவட்டம், மக்களே!

சரி, கைவைத்தியம் நல்லதா கெட்டதா?

இவ்வளவும் படிச்சதுல எனக்குப் புரிஞ்சது, இதை மூணாப் பிரிக்கணும்.

ஒண்ணு, தின்கிறது. ஈரல், முருங்கைக்கீரை, அகத்தி, பொன்னாங்கண்ணி. நம்ம முன்னோர் இதுல நல்லாவே ஜெயிச்சிருக்காங்க. 100 கிராம் முருங்கைக்கீரையில சுமார் 6,780 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் இருக்குன்னு ஊட்டச்சத்து நிறுவனத்தோட பழைய அட்டவணை சொல்லுது. கொஞ்சம் எண்ணெய் சேர்த்துத் தாளிச்சாத்தான் உடம்புல ஒட்டும். ஆனா ஒரு எச்சரிக்கை: கட்டில் தாத்தாவோட கண்ணு காஞ்சது ஏரியில தண்ணி இல்லாம. எனக்குக் காஞ்சது ஏரியில தண்ணி இருந்தும் வெயில்ல ஆவியாகி. மூணு வேளை சாப்பிடுற எனக்கு வண்டி வண்டியா கேரட் தின்னாலும் இது போகாது. மீனெண்ணெய் மாத்திரையும் அப்படித்தான். 535 பேரை வச்சு அமெரிக்காவுல ஒரு வருஷம் சோதிச்சு 2018ல சொன்னாங்க, ஒமேகா-3க்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னு.

ரெண்டு, மேல வைக்கிறது. இமை ஓரத்துல இருக்கிற எண்ணெய்ச் சுரப்பிகளை 1666ல ஹைன்ரிக் மைபோம் விவரிச்சார். மேல் இமையில மட்டும் 25லேர்ந்து 40 வரைக்கும் இருக்கும். அடைச்ச எண்ணெய் 40 டிகிரி சூட்டுல இளகும். வெந்நீர்ல நனைச்ச சுத்தமான துணியை மூடின கண்ணு மேல பத்து நிமிஷம் வைக்கச் சொல்லி என் டாக்டரே சொன்னாரு. நந்தியாவட்டைப் பூ அடைப்பை எடுக்காது. ஆனா பத்து நிமிஷம் கண்ணை மூடிப் படுக்க வைக்குதே, அதுவே பொட்டி தட்டுறவனுக்குப் பாதி வைத்தியம். சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 15-20 தடவை சிமிட்டுற நாம, திரையைப் பார்த்தா பாதியாக் குறைச்சுடறோம்.

மூணு, உள்ள விடுறது. இங்கதான் வில்லங்கம். பன்னீர், தேன், தாய்ப்பால், பூச்சாறு, எதுவும் கிருமி நீக்கினது கிடையாது. காஞ்ச கண்ணுல ஏற்கெனவே கீறல் இருக்கும், அதுல கிருமி பூந்தா கருவிழிப் புண். விளக்கெண்ணெய் மட்டும் என்னன்னு கேப்பீங்க. 2002ல அமெரிக்காவுல வறண்ட கண்ணுக்கு அனுமதி கிடைச்ச சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்துல விளக்கெண்ணெய் இருக்கு, நிஜம்தான். அது சுத்திகரிச்சு, கிருமி இல்லாம அடைச்சது. நம்ம சமையக்கட்டு பாட்டில் இல்லை. கடையில விக்கிற சுர்மா ஒண்ணும் அப்படித்தான். பல வகையில ஈயம் இருக்கு. குழந்தைக்குத் தீட்டாதீங்க.

திரும்ப ஒரு போன்

ஞாயித்துக்கிழமை அப்பாயிக்குப் போட்டேன். நேரா ஒரு கேள்வி கேட்டேன். "அம்மை வர்றதுக்கு முன்னாடி தாத்தாவுக்கு ராத்திரியில கண்ணு தெரிஞ்சுச்சா?"

யோசிச்சுட்டு சொல்லுச்சு. "பொழுது சாஞ்சா தட்டைத் தடவித் தடவித்தான் திம்பான். செல்லம் கொஞ்சுறான்னு எங்கம்மா வையும்."

அதான். சாறு கண்ணுல விழறதுக்கு முன்னாடியே, அம்மை வர்றதுக்கும் முன்னாடியே வியாதி வந்தாச்சு. எனக்குத் தெரிஞ்ச தமிழ்ல எல்லாத்தையும் சொன்னேன். சாறு நல்லது பண்ணியிருக்காது, கெடுதல் கூட கொஞ்சம் பண்ணியிருக்கலாம், அதை மறைக்கல. ஆனா நீ பூப்பறிக்கப் போகும்போதே கண்ணு போயிக்கிட்டு இருந்துச்சு அப்பாயின்னு சொன்னேன்.

நான் எதிர்பார்த்தது நிம்மதி. வந்தது வேற.

"அப்ப முருங்கைக்கீரை குடுத்திருந்தாப் போதுமா சாமி? கொல்லையில மரமே நின்னுச்சே. சின்னப் புள்ளைக்குக் கீரை ஆகாது, பேதியாகும்னு நாங்கதான் குடுக்கல."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ஒரு பழியை எடுத்துட்டு இன்னொண்ணைக் கையில குடுத்துட்டேன். அப்புறம் சொன்னேன், "கண்ணு கரைய ஆரம்பிச்ச பின்னாடி கீரை பத்தாது அப்பாயி. பெரிய அளவுல மருந்து வேணும். அந்த மருந்து அப்பவே மெட்ராஸ்ல இருந்துச்சு. யாரும் நம்ம ஊருக்குக் கொண்டு வரல. ஒம்பது வயசுப் புள்ளை அதுக்கு என்ன பண்ணும்?"

"ம்ம்" மட்டும் வந்துச்சு. கொஞ்சம் கழிச்சு, "உன் தங்கச்சி மகளுக்கு அம்மை ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அந்த மஞ்ச மருந்து?"

"கேட்டுச் சொல்றேன்."

"கேட்டுட்டு நாளைக்கே போன் போடு. இப்பக் கண்ணை மூடிப் படு."

தங்கச்சிகிட்ட கேட்டேன். ஒரு தவணை விட்டுப் போயிருந்துச்சு. மறுநாளே அங்கன்வாடியில கேட்டுக் குடுத்துட்டாங்க.

உங்க வீட்டுல கண்ணுக்கு என்ன கைவைத்தியம் சொல்வாங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. தின்கிறதா, மேல வைக்கிறதா, உள்ள விடுறதான்னும் சேர்த்து எழுதுங்க. உள்ள விடுறதுன்னா, வீட்டுப் பெரியவங்ககிட்ட அதோட கதையையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். ஒரு வாரத்துக்கு மேல கண்ணு உறுத்தினா, வெளிச்சம் பார்க்க முடியலைன்னா, பார்வை மங்கினா கண் டாக்டர்கிட்ட போங்க. முக்கியமா, பன்னீர் சொட்டு விடச் சொல்ற நண்பனை நம்பாதீங்க :)